பாலர் பள்ளி: அரை நேரமா, முழு நேரமா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. இதுவரை பாட்டியிடமே வளர்ந்தவள். பாலர் பள்ளியில் சேர்த்து இரண்டு வாரம் ஆகிறது. காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறாள், சில நாள் வாந்தியும் எடுக்கிறாள். பள்ளியில் அழுதால் மாமியார் போய் அழைத்து வந்துவிடுகிறார். "கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கு" என்கிறார் அவர். ஆசிரியையோ முழு நேரமும் விடச் சொல்கிறார். நான் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். யார் பேச்சைக் கேட்பது, டாக்டர்?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அம்மா. ஆனால் உங்கள் வீட்டில் இப்போது நடப்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது அல்ல. அழுத அன்று பாட்டி வருகிறார், அழாத அன்று வருவதில்லை. அழுதால் வீட்டுக்குப் போகலாம் என்பதைத்தான் பிள்ளை இந்த இரண்டு வாரத்தில் படித்திருக்கிறாள். கெட்டிக்காரிதான்!

பிள்ளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க ஜெர்மனியில் பெர்லின் முறை என்று ஒன்று உண்டு. முதல் மூன்று நாள் தாயோ தந்தையோ கூடவே இருப்பார்கள். நான்காம் நாள்தான் சிறிது நேரம் பிரிந்து பார்ப்பார்கள். அது மிகச் சிறிய குழந்தைகளுக்காக வந்தது. ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு அத்தனை விடுப்பு யார் கொடுப்பது? உங்கள் மகளுக்கு அவ்வளவு தேவையும் இல்லை. பாலர் பள்ளியே பொதுவாக நான்கு மணி நேரம்தான்.

ஒரு வாரம் மட்டும் நேரத்தைக் குறையுங்கள். திங்கள், செவ்வாயில் பசியாறும் வரை, புதன், வியாழனில் இன்னும் ஒரு மணி நேரம், வெள்ளிக்கிழமை முழுதாக. நேரத்தைக் குறைக்கலாம், நாளைக் குறைக்காதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அனுப்பினால் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாள்தான். அழுதாலும் சிரித்தாலும் பாட்டி சொன்ன நேரத்துக்கே வர வேண்டும். அவளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. "பசியாறி, கை கழுவியதும் பாட்டி வருவார்" என்று சொல்லுங்கள். வாசலில் ஒரு முத்தம், ஒரு டாட்டா, அவ்வளவு போதும். அவள் விளையாடும்போது நைசாக நழுவிவிடாதீர்கள், மறுநாள் உங்கள் கையை விடவே மாட்டாள்.

வயிற்று வலி நடிப்பு இல்லை. பயம் வந்தால் பிள்ளைகளுக்குத் தொப்புளைச் சுற்றி உண்மையிலேயே வலிக்கும். விடுமுறை நாளில் வலி இல்லையென்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். மலச்சிக்கலும் இருக்கலாம், பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம். சாப்பிட்டதும் வீட்டுக் கழிப்பறையில் ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள், கால் தொங்காமல் ஊன்ற ஒரு முக்காலி போடுங்கள். தூக்கத்தையும் பாருங்கள். இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். காலை ஆறு மணிக்கு எழுப்புகிற பிள்ளை, பெரியவர்களோடு சேர்ந்து இரவு சீரியல் பார்த்துவிட்டுப் படுத்தால் எப்படி? அரைத் தூக்கத்தில் அவசர அவசரமாக மைலோவைக் குடிக்க வைத்தாலும் சில பிள்ளைகள் வாந்தி எடுக்கும்.

வலி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், மலத்தில் ரத்தம், எடை குறைவு இருந்தாலோ, விடுமுறை நாளிலும் வாந்தி எடுத்தாலோ காத்திருக்காமல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். முழுதாக அனுப்பத் தொடங்கி நான்கு வாரமாகியும் அழுகை குறையாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாமியாரிடம் இதை நீங்கள் சொல்வதைவிட ஆசிரியை சொல்வது நல்லது. அந்தக் காலத்தில் விடியுமுன் பிள்ளைகளை ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போன தலைமுறை அவர்களுடையது. பேத்தி என்று வந்ததும் மனம் இளகிவிடுகிறது, வேறொன்றும் இல்லை.