கூப்பிட்டும் வராத செவலை

வணக்கம் ஐயா,

உங்கள் சிறுவர் நாவலை ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குத் தினமும் ராத்திரி வாசித்துக் காட்டினேன். தீபாவளி வெடிச் சத்தத்தில் வேலூர் சத்துவாச்சாரி வீட்டிலிருந்து ஓடிப்போன செவலை என்ற நாயைக் கோட்டை அகழி ஓரத்தில் அதை வளர்க்கும் சிறுவன் கதிர் பார்த்துவிடுகிறான். பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். அதுவோ திரும்பிப் பார்த்துவிட்டு ஓடுகிறது! "சோறு போட்டவனையே மறந்துடுமாம்மா?" என்று மகள் தேம்பி அழுதாள். எங்கள் வீட்டிலும் மணி என்று ஒரு நாய் இருக்கிறது. நன்றியுள்ள பிராணியை இப்படிக் காட்டலாமா?

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள சகோதரிக்கு,

செவலை கதிரை மறக்கவில்லை, பயந்திருந்தது. இதை முதலில் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாயின் காது 40,000-ஐத் தாண்டும். தெரு முழுக்கச் சரவெடி வெடிக்கிற ராத்திரியில் அது என்ன பாடுபடும்! மிரண்டு ஓடிய நாய் பெரும்பாலும் பகலில் எங்காவது பதுங்கிக் கிடக்கும், ஆள் நடமாட்டம் அடங்கியதும் சாப்பாடு தேடி வெளியே வரும். அந்த நிலையில் தன்னை நோக்கி யார் ஓடி வந்தாலும் அதற்குப் பயம்தான். வளர்த்தவர் குரல் கேட்டும் ஓடுவதுண்டு.

அடுத்த அத்தியாயத்தை நான் மிகவும் ஆசைப்பட்டு எழுதினேன். மறுநாள் விடியற்காலையில் வரும் கதிர் கூப்பிடுவதில்லை. போட்டுக் கழற்றிய பனியனைப் புல்லில் விரித்துவிட்டு, அகழிக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்காருகிறான். செவலை முதலில் மூக்கைத் தூக்குகிறது. நாலு அடி வந்து நிற்கிறது. சுற்றிக்கொண்டு அவன் முதுகுப் பக்கமாக வந்து பனியனை மோந்து பார்க்கிறது. அப்புறம்தான் வால் ஆடுகிறது. கைக்கெட்டும் தூரம் வந்த பிறகும் அவன் பாய்ந்து பிடிக்கவில்லை. லாங்கு பஜாரிலும் பாலாற்று மணலிலும் தொண்டை கிழியக் கத்தித் திரிந்த பையன் அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது லேசான காரியமா? கூப்பிட்டதும் ஓடி வந்தால்தான் பாசம் என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தர எனக்கு மனமில்லை.

காந்தி ரோடு லாட்ஜ் வாசலில் செவலைக்கு ரொட்டி போடும் வங்காளிச் சிறுவனைப் பற்றி மகள் ஏதாவது சொன்னாளா? வைத்தியத்துக்காக வந்து வாரக்கணக்கில் தங்கும் அந்தக் குடும்பங்களை விட்டுவிட்டு வேலூர் ஆஸ்பத்திரித் தெருவை எழுதவே முடியாது. கதிர் பேசும் தமிழ் அவனுக்குப் புரியாது. போனில் இருக்கும் படத்தைப் பார்த்ததும் கோட்டைப் பக்கம் கை காட்டுகிறான். மகளுக்கு அவனைப் பிடித்திருந்தால் எனக்குச் சந்தோஷம்.

சரி, மணிக்கு வருகிறேன். வரும் தீபாவளிக்குச் சாயங்காலம் வெடி தொடங்கும் முன்பே அவனை வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். பிறகு உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டுவிட்டு மகளையும் கூட இருக்கச் சொல்லுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் கட்டாயம் இருக்கட்டும். அதற்குத் தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே எழுதிவிடுங்கள்.