ரப்பர் வடையைத் தூக்கிவிட்டு சிவி ஜாயிண்ட் போடலாமா?

கேள்வி: என்னிடம் 1969 லோட்டஸ் ஈலான் எஸ்4 கார் இருக்கிறது. முதல் இரண்டு கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் வண்டி தவளை மாதிரித் தத்துகிறது. பின்சக்கர ஷாஃப்டில் உள்ள ரப்பர் டோனட்டுகளை எடுத்துவிட்டு சிவி ஜாயிண்ட் (மடங்கினாலும் சீராகச் சுழலும் இரும்பு உருண்டை இணைப்பு) ஷாஃப்ட் போடச் சொல்கிறார் பாகங்கள் விற்பவர் ஒருவர். போட்டால் எம்ஓடி (பிரிட்டனின் வருடாந்திர வாகனப் பரிசோதனை) விலக்கு போய்விடுமாம். அதற்கும் அவரே ஒரு சான்றிதழ் வாங்கித் தருவாராம். நம்பலாமா? - ஒரு வாசகர், கவென்ட்ரி

பதில்: சிவி போடலாம். சான்றிதழுக்கு மட்டும் ஒரு பென்னி கூடக் கொடுக்காதீர்கள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தத்தலைப் பார்ப்போம். உங்கள் வண்டியில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு ரோட்டோஃப்ளெக்ஸ் டோனட்டுகள் இருக்கும். பார்க்க அறுகோண மெதுவடை. ஆறு போல்ட்டில் மூன்று ஒரு பக்கம், மூன்று மறுபக்கம். நடுவில் இரும்பும் இரும்பும் தொடுவதே இல்லை, இழுவை முழுக்க ரப்பர் வழியாகத்தான் போகிறது. மிதித்தால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், விட்டால் பிரியும். அதுதான் தத்தல். புது வண்டியிலேயே கொஞ்சம் இருந்ததுதான். எனவே கொஞ்சம் தத்தினால் அதை நோய் என்று நினைக்காதீர்கள்.

தத்துவது எல்லாமே டோனட்டின் வேலையும் அல்ல. இழுவையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்சியல் மேலே ரப்பர் மவுண்டில் தொங்குகிறது, கீழே இரண்டு டார்க் ராடுகள் அதைப் பிடித்திருக்கின்றன. அந்த ராடுகளின் முனையில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்தாலும் வண்டி இதே மாதிரிதான் குதிக்கும். கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். டிஃப்ரன்சியல் தலையாட்டினால் முதலில் புஷ்ஷை மாற்றுங்கள். சில பவுண்டில் முடிகிற வேலைக்குப் பல நூறு பவுண்ட் சிவி ஷாஃப்ட் கிட் விற்பதுதான் இந்தத் தொழிலின் பழைய வித்தை. டோனட்டில் ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்திருந்தாலோ நகம் நுழையும் அளவு வெடித்திருந்தாலோ அன்றோடு வண்டியை நிறுத்திவிடுங்கள். வேகத்தில் அது அறுந்தால் ஷாஃப்ட் சாட்டை மாதிரிச் சுழன்று அடிக்கும். மேலே இருப்பது வெறும் கண்ணாடியிழை பாடி.

இனி கிட். "கழற்று, மாட்டு, ரெண்டு மணி நேரம்" என்பார்கள். அதை நம்பிப் போட்ட வண்டி ஒன்று என்னிடம் வந்தது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கியர் போட்டுச் சுற்ற விட்டிருக்கிறார்கள். ஜாயிண்டைத் திறந்தால் கிரீஸில் இரும்புத் தூள் மினுங்கியது, உருண்டைகளைப் பிடித்திருக்கும் கூண்டில் விரிசல். காரணம் எளிது. ஒவ்வொரு சிவி ஜாயிண்டும் ஓர் அளவுக்குத்தான் மடங்கும், ஓர் அளவுக்குத்தான் உள்ளே வெளியே நகரும். ஈலானின் பின்சக்கரமோ நிறையக் கீழே தொங்கும்.

ஆகவே கிட் போடுபவரிடம் ஒன்றைக் கட்டாயமாகக் கேளுங்கள். ஸ்பிரிங் இல்லாமல் ஸ்ட்ரட்டை (ஷாக் அப்சார்பர் உள்ள சஸ்பென்ஷன் தூண்) மாட்டி, ஷாஃப்டையும் பூட்டி, சக்கரத்தை அடிமட்டத்திலிருந்து உச்சிவரை ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது கடித்தால், அல்லது ஷாஃப்ட் முட்டி நின்றால், அந்த அளவு உங்கள் வண்டிக்குச் சரியில்லை. அடிமட்டத்தில் மட்டும் கடித்தால் சக்கரம் அதற்குக் கீழே இறங்காதபடி தடுப்புப் பட்டை போடலாம். "அதெல்லாம் தேவையில்லை சார்" என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் விற்பவர் வாயே திறக்க மாட்டார். ரப்பர் இருந்தவரை கிளட்ச்சை விடும் அதிர்ச்சியை அதுதான் வாங்கிக்கொண்டது. அதை எடுத்தால் அடி நேராக டிஃப்ரன்சியலின் வெளி ஷாஃப்டுக்கும் அதன் அலுமினிய ஹவுசிங்குக்கும் போகும். கிட் போடும்போதே அந்த ஷாஃப்டுகளைச் சாயம் தடவி விரிசல் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வாங்கியது பலமான ஜாயிண்ட், உடையப்போவது பக்கத்து வீடு.

இப்போது சான்றிதழ். 2018 மே மாதத்திலிருந்து பிரிட்டனில் 40 வயது தாண்டிய காருக்கு எம்ஓடி கட்டாயமில்லை, கடந்த 30 ஆண்டுகளில் வண்டி பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால். சேசிஸ், ஆக்சில் சார்ந்த பாகங்கள், இன்ஜின் ஆகியவற்றைத்தான் பார்க்கிறார்கள். "ஆக்சில்" என்ற சொல்லைக் காட்டித்தான் விற்பவர் உங்களைப் பயமுறுத்துகிறார். ஆனால் அரசு வழிகாட்டியின் ஆக்சில் பத்தியில் மாற்றமாகக் கருதுவது சஸ்பென்ஷனின் அல்லது ஸ்டியரிங்கின் வகையையோ முறையையோ மாற்றுவதை. உங்கள் ஸ்ட்ரட், விஷ்போன் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கை) எல்லாம் அப்படியே இருக்கிறதே! அதற்கும் மேலே, ஆக்சில் சார்ந்த பாகங்களில் பாதுகாப்பையோ திறனையோ கூட்டச் செய்த மாற்றம் கணக்கில் வராது என்று அதே வழிகாட்டி தனியாகச் சொல்கிறது. அசல் வகைப் பாகம் நியாயமாகக் கிடைக்காதபோது வண்டியைக் காப்பாற்றச் செய்வதும் கணக்கில் வராது. இது சட்டத்தின் சந்துபொந்து இல்லை, எழுதியே வைத்திருக்கிறார்கள். எம்ஓடி விலக்குக்கான வி112 படிவத்தில் உறுதிமொழி கொடுப்பது நீங்கள். நடுவில் மூன்றாம் ஆள் எதற்கு?

ஆனாலும் எம்ஓடிக்குக் கொண்டுபோங்கள், கேட்டால் செய்து தருவார்கள். ரப்பரில் தொங்கும் ஷாஃப்டோடு ஓடுகிற வண்டிக்கு வயதானதும் பரிசோதனையே வேண்டாம் என்று எழுதியவர், ஒரு நாளாவது அதன் கீழே படுத்துப் பார்த்திருப்பாரா தெரியவில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ரப்பரே போதும் என்று முடிவெடுத்தால், புது டோனட்டைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டை இருக்கும். அது பேக்கிங் இல்லை, ரப்பரை அழுத்திப் பிடித்திருப்பதே அதுதான். ஆறு போல்ட்டையும் முறுக்கிய பிறகுதான் அதை வெட்ட வேண்டும். முன்னாலேயே வெட்டிவிட்டு ஓட்டைகள் நேருக்கு நேர் வரவில்லை என்று மாலை ஆறு மணிக்குப் போன் செய்பவர்கள் ஏராளம்.