கார் ஓட்டும்போது கைபேசியில் வழி பார்க்கலாமா?

கிருஷ்ணகிரியிலிருந்து சேலத்துக்கு முதன்முறையாகக் கார் ஓட்டப் போகிறீர்கள். கைபேசியில் வழி பார்த்தால் அபராதமா என்கிறீர்கள். இல்லை. கவனம் சிதறாதபடி வழி அறிய மட்டும் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. கையில் பிடித்துப் பேசுவது குற்றம்.

அபராதத்தைவிட எனக்குத் தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே மலைச்சரிவில் இறங்கும் தொப்பூர் கணவாய்தான் கவலை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி திரையைப் பார்த்தால் வண்டி சுமார் 67 மீட்டர் கடந்திருக்கும். அந்தச் சரிவில் முன்னால் சரக்கு லாரி ஊர்ந்துகொண்டிருக்கும். புளூடூத் இருந்தாலும் அங்கே பேசாதீர்கள். கை ஓய்வாக இருந்தாலும் மனம் பேச்சில்தான் இருக்கும். கிளம்பும் முன்பே ஊரைப் பதிந்து, கைபேசியைத் தாங்கியில் பொருத்தி, குரலை மட்டும் கேளுங்கள். பேச வேண்டியதைத் தருமபுரியில் டீ குடிக்க நிறுத்தும்போதே பேசிவிடுங்கள்.