நல்லது என்று தெரிந்தும் சிறு ஆலைகள் பசுமை உற்பத்திக்கு ஏன் தயங்குகின்றன?

வளரும் நாடுகளின் ஆலைகள் பசுமை முறைக்கு மாறாததற்கு அக்கறையின்மைதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் விஷயம். திருப்பூரையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு பனியன் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் வேறிடம், பிரிண்டிங், தையல் என்று ஜாப் ஒர்க்கில், அதாவது கூலிக்குச் செய்துதரும் தனித்தனிப் பட்டறைகளில், கைமாறிக்கொண்டே போகும். வெளிநாட்டு பையர் (சரக்கை வாங்கும் நிறுவனம்) பசுமைச் சான்றிதழ் கேட்பது ஏற்றுமதியாளரிடம். கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டியவர் சாயப்பட்டறைக்காரர். இடையில் பையர் தரும் விலை மட்டும் ஏறாது.

நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற விதி கண்டிப்பானது அப்புறம்தான். ஆர்.ஓ. (சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிகட்டும் முறை) வரை சரி, பெரும்பகுதித் தண்ணீர் திரும்பக் கிடைத்துவிடும். மிஞ்சும் உப்புக் கரைசலை வற்றவைப்பதில்தான் பணம் கரைகிறது. அதற்கு நீராவி, நீராவிக்கு விறகு. (ஆற்றைக் காப்பாற்ற மரத்தை எரிக்கிறோம்!) கடைசியில் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்கும், அதைச் சீந்துவார் இல்லை.

சுத்திகரிப்பு நிலையம் வருமானம் தராது என்பதால் சிறு பட்டறைக்கு வங்கிக் கடனும் எளிதல்ல. விதி தளர்வான ஊரில் இதே வேலை மலிவாக முடியும் என்பது பையருக்கும் தெரியும்.