தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை: முகவரை நம்பலாமா?

கேள்வி: பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்து, நான்கு ஆண்டுகளாக ஒரு மெட்ரிக் பள்ளியில் பணிபுரிகிறேன். தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை வாங்கித் தர முகவர் ஒருவர் ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். முதலில் சுற்றுலாப் பயணியாகப் போய்விட்டு, பிறகு விசாவை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத எனக்கு அங்கே வேலை கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். தாய்லாந்துப் பள்ளிகளில் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆசிரியர்கள் பெருமளவில் பணிபுரிகிறார்கள். அவர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று. பட்டத்துடன், டோயிக் (TOEIC) என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண்ணோ அதற்கு ஈடான தேர்வுச் சான்றோ பொதுவாகக் கேட்கப்படும். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்று, அதையே நாள்தோறும் கற்பிக்கிற நீங்களும் அந்தத் தேர்வை எழுதித்தான் தீர வேண்டும். அங்கே பார்க்கப்படுவது உங்கள் நாவன்று, உங்கள் பாஸ்போர்ட்.

என்னை உறுத்துவது, முதலில் சுற்றுலாவாகப் போகலாம் என்ற அந்த யோசனைதான். பள்ளி அனுப்பும் ஆவணங்களைக் கொண்டு 'நான்-இமிகிரன்ட் பி' (Non-Immigrant B) என்ற வேலைக்கான விசா பெற்று, அங்கே பணி அனுமதி வாங்கிய பிறகே வகுப்பறைக்குள் நுழைய வேண்டும். சுற்றுலாப் பயணியாகச் சென்று ஒரு நாள் பாடம் நடத்தினாலும் அது சட்டமீறலே. பிடிபட்டால் அபராதமும் நாடுகடத்தலும் உங்களுக்குத்தான். முகவர் இங்கே அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருப்பார். தாய்லாந்தில் வேலை என்று நம்பி பாங்காக்கில் இறங்கிய இளைஞர்கள், தமிழ்நாட்டவர் உட்பட, தாய்லாந்தின் எல்லை ஊரான மே சாட் வழியாக மியான்மரின் மியாவடிக்குக் கொண்டு செல்லப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டது 2022இல் வெளிவந்தது. அத்தனைக்குப் பிறகும் இந்த வியாபாரம் நிற்கவில்லை.

பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும், அதற்குரிய 18 சதவீத ஜிஎஸ்டியும் மட்டுமே. அவருடைய உரிம எண்ணை வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் ஈமைகிரேட் (eMigrate) தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். மீதித் தொகையைப் 'பயிற்சி', '120 மணி நேர டெஃபல் (TEFL, ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழ்' என்று பெயர் மாற்றிக் கேட்பார்கள். அந்தச் சான்றிதழ் எந்த நாட்டு விசாவையும் தானாகப் பெற்றுத் தராது.

தென்கொரியாவில் இந்தியருக்கு இடமில்லை என்றும் உங்கள் முகவர் சொல்லியிருக்கக்கூடும். ஆங்கில ஆசிரியருக்கான இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன் முதலிய ஏழு நாட்டவருக்கு உரியது என்பது பொதுவிதி. ஆனால் 2010 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தப்படி, பட்டமும் ஆங்கில ஆசிரியருக்கான கல்வித் தகுதியும் உடைய இந்தியர், அங்குள்ள பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகலாம். தனியார் பயிற்சி மையங்களுக்கு இச்சலுகை இல்லை. இரண்டு தகுதியும் உங்களிடம் இருக்கின்றன. இருப்பினும், ஒரு பள்ளி உங்களோடு ஒப்பந்தம் செய்யாதவரை அது காகித உரிமையே.

எந்த நாடானாலும், இப்போதே ஒன்றைச் சரிபாருங்கள். பட்டச் சான்றிதழில் 'செ. கவிதா' என்றும் பாஸ்போர்ட்டில் 'கவிதா செல்வராஜ்' என்றும் இருந்தால், இனிஷியல் என்றால் என்னவென்றே அறியாத வெளிநாட்டு அலுவலருக்கு அவர்கள் இரண்டு பேர். இருவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரியிடம் சான்று பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய செலவில்லாத இந்த வேலைக்கும் சில ஆயிரங்கள் கேட்கிற முகவர்கள் இருக்கிறார்கள்.