கையொப்பம் யாருடையது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகமும் நிதியும்: கேள்வி பதில்

(பதில் அளிப்பவர் பல்கலைக்கழக நிதிப்பிரிவுகளில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்.)

கோண்டாவிலிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, துணைவேந்தரை நியமிப்பது பேரவையா, ஆணைக்குழுவா, ஜனாதிபதியா? ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

மூவருக்கும் பங்கு உண்டு, பிள்ளை. குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி, பல்கலைக்கழகத்தின் ஆளும் சபையான பேரவை மூன்று பெயர்களைத் தெரிந்து அனுப்பும். அவை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக மேலே போகும். ஜனாதிபதி அதில் ஒருவரை மூன்று ஆண்டுகளுக்கு நியமிப்பார். முதலாவது பெயரைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. ஆகவே பேரவையில் கூடுதல் வாக்குப் பெற்றவர் வீட்டிலிருக்க, மூன்றாவதாக வந்தவர் கதிரையில் அமர்ந்தாலும் சட்டம் வாய் திறக்காது.

பேரவையின் அமைப்பையும் பாருங்கள். துணைவேந்தர், பீடாதிபதிகள், கல்வி விடயங்களைப் பார்க்கும் மூதவை தெரிந்தனுப்பும் இருவர் ஆகியோர் உள்ளே இருப்பவர்கள். ஆணைக்குழு நியமிக்கும் வெளிவாரி உறுப்பினர்களின் தொகை அவர்களைவிட எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்கும். புதிய பீடம் ஒன்று வந்து பீடாதிபதி ஒருவர் சேர்ந்தால், வெளியிலிருந்தும் ஒருவர் சேர்வார். ஆணைக்குழுவின் ஏழு பேரையும் நியமிப்பவர் ஜனாதிபதி. கொழும்பில் ஆட்சி மாறினால் இங்கே வெளிவாரிப் பட்டியலும் மாறுவது வழமையாகிவிட்டது.

அதற்காகப் பேரவையைப் பொம்மை என்று தள்ளிவிடவும் வேண்டாம். வெளிவாரி உறுப்பினராக வந்த வைத்தியர், சட்டத்தரணி, வங்கி முகாமையாளர் சிலர் கோப்பை வரி வரியாக வாசித்து, நிதிப்பிரிவின் தலைவரான நிதியாளரைத் திணறடித்ததை நான் கண்டிருக்கிறேன். கூட்டத்துக்கு வரும் வழியில் உறையைப் பிரித்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

சுன்னாகத்திலிருந்து ஒருவர்: 2019இல் துணைவேந்தரை நீக்கிவிட்டுத் ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ என்று ஒருவரைப் போட்டார்களே, அது என்ன பதவி?

பேராசிரியர் இரட்ணம் விக்னேஸ்வரன் 2017இல் துணைவேந்தரானவர். மூன்றாண்டு முடியுமுன்பே, 2019இல், அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். கதிரை காலியானதும் பேராசிரியர் க. கந்தசாமி தகுதிவாய்ந்த அதிகாரியாக, அதாவது அடுத்த துணைவேந்தர் வரும்வரை அந்தக் கடமைகளைப் பார்க்கும் இடைக்காலத் தலைவராக வந்தார். அடுத்த துணைவேந்தர் பேராசிரியர் சி. சிறிசற்குணராஜா நியமனம் பெற்றது 2020 ஓகஸ்டில். இடையில் ஓராண்டுக்கும் மேல் பல்கலைக்கழகம் நிரந்தரத் தலைவர் இல்லாமல் ஓடியது.

சம்பளம், பரீட்சை, பட்டமளிப்பு எதுவும் இந்த ஏற்பாட்டால் நிற்காது. ஐந்தாண்டுத் திட்டம், புதிய ஆளணி, பெரிய கட்டட ஒப்பந்தம் போன்றவற்றில் இடைக்காலத்தவர் கைவைக்கத் தயங்குவார். வைத்தால் ‘இவருக்கு ஏன் இந்த அவசரம்’ என்பார்கள், வைக்காவிட்டால் ‘தூங்குகிறார்’ என்பார்கள்.

நல்லூரிலிருந்து ஒரு மாணவர்: நினைவுத்தூபியை இடித்தது உண்மையில் யாருடைய முடிவு?

2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் வாயிலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 11ஆம் திகதி வடக்குக் கிழக்கில் கதவடைப்பு. அன்று அதிகாலையே துணைவேந்தர் வந்து மீண்டும் அடிக்கல் நாட்டினார். ஏப்ரலில் புதிய தூபி திறக்கப்பட்டது. மேலிடத்து அழுத்தம் என்று இங்கே பேசப்பட்டது, பல்கலைக்கழக நிர்வாகத்தின் முடிவு என்று ஆணைக்குழுத் தரப்பில் பேசப்பட்டது.

தம்பி, நிர்வாகத்தில் ஊறியவன் கேட்கும் கேள்வி வேறு: அந்த உத்தரவு எழுத்தில் இருந்ததா? தொலைபேசியில் வரும் கட்டளைக்குக் கோப்பில் இலக்கம் கிடையாது. ‘தயவுசெய்து எழுத்தில் அனுப்புங்கள்’ என்ற ஒற்றை வரி பல பாவங்களைத் தடுத்திருக்கும். அதை எழுத முதுகெலும்பு வேண்டும் என்பது வேறு கதை.

எழுத்தில் வந்தும் இணங்கிப்போன சம்பவமும் உண்டு. சட்டத்துறைத் தலைவராக இருந்த குமாரவடிவேல் குருபரன், நாவற்குழியில் காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்காக ஆட்கொணர்வு வழக்கில் தோன்றினார். இராணுவம் ஆணைக்குழுவிடம் கேள்வி எழுப்பியது, ஆணைக்குழு பல்கலைக்கழகத்துக்குப் பணித்தது, 2019இல் பேரவை அவர் நீதிமன்றில் தோன்றுவதற்குத் தடைபோட்டது. 2020இல் அவர் பதவி விலகினார். சட்டம் கற்பிப்பவர் நீதிமன்றப் படியேறக் கூடாது என்பதில் எனக்கு இன்றுவரை நியாயம் தெரியவில்லை.

சாவகச்சேரியிலிருந்து ஒரு தந்தை: இலவசக் கல்வி என்கிறோம். அப்படியானால் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

பெரும்பங்கு திறைசேரியிலிருந்து. அது மீண்டுவரும் செலவு, மூலதனச் செலவு என்று இரண்டு வாய்க்காலாக வரும். முதலாவதன் பெரும்பகுதியைச் சம்பளமும் கொடுப்பனவுகளும் விழுங்கிவிடும். மிச்சத்தில் மின்சாரம், துப்புரவு, பாதுகாப்பு. நூலகத்துக்குப் புத்தகம், ஆய்வுகூடத்துக்கு இரசாயனம் என்று வரும்போது கை சுருங்கும்.

மூலதனச் செலவுதான் நாடகம். ஒதுக்கீடு காகிதத்தில் இருக்கும், காசு, திறைசேரி மாதாமாதம் விடுவிக்கும் கட்டுநிதியாகச் சொட்டும். கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரி, தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு கூடி, பெறுகைக்குழு ஒப்புதல் தரும்போது புரட்டாதி கடந்துவிடும். பிறகு மார்கழிக்குள் செலவழித்தே ஆகவேண்டும் என்ற ஓட்டம். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படி ஓடி வாங்கிய பகுப்பாய்வு இயந்திரமொன்று பொதி பிரிக்காமல் நடைக்கூடத்தில் நின்றது. அதை வைக்கும் அறைக்குக் குளிரூட்டி இல்லை. குளிரூட்டி அடுத்த ஆண்டின் தலைப்பில் இருந்தது. கணக்காய்வு வினா வந்தபோது மரப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கறையான் தின்று முடித்திருந்தது.

புதிய போதனாசிரியர் ஒருவரை எடுப்பதற்குக்கூட முகாமைத்துவச் சேவைகள் திணைக்களத்தின் ஆளணி அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுயாட்சி என்ற சொல்லை மேடையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த அனுமதிக் கடிதங்கள்தான் நினைவுக்கு வரும். பல்கலைக்கழகம் தானாக ஈட்டும் பணம் பட்டப்பின் படிப்பு, வெளிவாரிக் கற்கை, ஆலோசனைச் சேவை ஆகியவற்றிலிருந்து வரும். திறைசேரி தருவதோடு ஒப்பிட்டால் அது சிறிது.

பருத்தித்துறையிலிருந்து ஒரு தாய்: மகாபொல புலமைப்பரிசில் எவ்வளவு? ஏன் பிந்துகிறது?

2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், மற்றைய மாணவர் உதவித்தொகை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. பிந்துவது பெரும்பாலும் பெயர்ப்பட்டியல் உறுதிப்படுத்தலில். வங்கிக் கணக்கு இலக்கத்தை ஒருமுறை சரிபாருங்கள், அக்கா.

கிளிநொச்சியிலிருந்து: வெளிநாட்டுக்குப் படிக்கப் போன விரிவுரையாளர்கள் திரும்பி வராவிட்டால் நட்டம் யாருக்கு?

பிணை ஒப்பந்தம் ஒன்று உண்டு. சம்பளத்துடன் கற்கை விடுப்பில் போகிறவர் திரும்பி வந்து குறித்த காலம் பணியாற்ற வேண்டும், தவறினால் பணத்தைக் கட்ட வேண்டும். பிணையாளர்களாகக் கையெழுத்திட்டிருப்பவர்கள் பெரும்பாலும் அடுத்த மேசையில் இருக்கும் நண்பர்கள். போனவர் மெல்பேர்ணில், மாட்டிக்கொண்டவர் வளாகம் இருக்கும் திருநெல்வேலியில். அறவிடப்படாத பிணைப்பணம் நாட்டின் பல பல்கலைக்கழகங்களின் கணக்காய்வு அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 2022 நெருக்கடிக்குப் பின் வெளியேறியவர்கள் அதிகம். ரூபா விழுந்த வேகத்தில், பழைய ரூபாக் கணக்கில் எழுதிய பிணையை வெளிநாட்டுச் சம்பளத்தால் கட்டிவிட்டுப் போவது அவர்களுக்கு மலிவாகவும் போயிற்று.

மானிப்பாயிலிருந்து: எங்கள் பல்கலைக்கழகத்துக்குத் தென்பகுதி மாணவர்களை ஏன் இவ்வளவு எடுக்கிறார்கள்?

இங்கே யாரும் எடுப்பதில்லை. அனுமதி முழுவதும் ஆணைக்குழுவின் கையில். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் விருப்பத் தெரிவும் பார்த்து அனுப்புகிறார்கள். எங்கள் பிள்ளைகளும் மொறட்டுவைக்கும் பேராதனைக்கும் போகிறார்கள். 2016 ஜூலையில் விஞ்ஞான பீட வரவேற்பு நிகழ்வில் கண்டிய நடனம் தொடர்பாக நடந்த மோதலுக்கு அனுமதி முறையைக் குற்றம் சொல்வது பொருந்தாது.

ஸ்கார்பரோவிலிருந்து பழைய மாணவர் ஒருவர்: அப்பாவின் நினைவாகத் தங்கப்பதக்கம் ஒன்று நிறுவ விரும்புகிறோம். நம்பிக் கொடுக்கலாமா, அண்ணை?

கொடுக்கலாம். ஆனால் பதக்கம் வேண்டாம். அறக்கொடை நிதியில் நீங்கள் கொடுத்த முதல்தொகை அப்படியே இருக்கும், வட்டியில்தான் பதக்கம் செய்ய வேண்டும். எண்பதுகளில் பெரிய தொகையாகத் தெரிந்த முதலின் வட்டிக்கு இன்றைய தங்க விலையில் பொட்டுத்தங்கமும் வராது. ஒவ்வொரு பட்டமளிப்புக்கும் முன் நிதிப்பிரிவில் இந்தக் கணக்குத்தான் தலையிடி.

யாரும் நினைவுக்கல் பொறிக்காத இடத்துக்குக் கொடுங்கள்: இயந்திரப் பராமரிப்பு, நூலகச் சந்தா, வன்னியிலிருந்து வரும் பிள்ளையின் விடுதிச் சாப்பாடு. பேராசிரியரின் தனிக் கணக்குக்கு ஒருபோதும் அனுப்ப வேண்டாம், அவர் உத்தமராக இருந்தாலும். நோக்கத்தை எழுத்தில் குறிப்பிட்டு, பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு அனுப்பி, நிதியாளரின் பற்றுச்சீட்டை வாங்குங்கள். பேரவை அந்த நன்கொடையை ஏற்ற தீர்மானத்தின் பிரதியையும் கேளுங்கள். கேட்பதால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் காசை வேறிடத்துக்குக் கொடுங்கள்.

கொக்குவிலிலிருந்து: அரச நிறுவனங்களை விசாரிக்கும் நாடாளுமன்றக் கோப் குழு கூப்பிட்டு ஏசுகிறது, தொலைக்காட்சியில் பார்க்கிறோம். பிறகு ஒன்றும் நடப்பதில்லையே? சாதாரண ஆள் என்ன செய்வது?

கோப் குழு விசாரித்துப் பரிந்துரைக்கும், தண்டிக்காது. அங்கே பதில் சொல்ல வேண்டியவர் துணைவேந்தர், ஏனெனில் சட்டப்படி கணக்கீட்டு அலுவலர் அவரே. முன்னவர் காலத்துப் பிழைக்கும் அன்று கதிரையில் இருப்பவரே முழிப்பார். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் நட்டத்தைப் பொறுப்பானவரிடமிருந்தே அறவிட வழிசெய்கிறது. அது பாய்ந்து நான் கண்டது குறைவு.

தொலைக்காட்சியை அணைத்துவிட்டு ஆண்டறிக்கையின் பின்பகுதியைப் பாருங்கள். கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கை அங்கே இருக்கும். முகவுரையில் துணைவேந்தர் எழுதியிருக்கும் சாதனைகளை விட்டுவிடலாம். அடுத்ததாக 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். பல்கலைக்கழகங்களும் அதற்குள் அடக்கம். ‘ஊழல் பற்றிய எல்லா விபரமும் தருக’ என்று எழுதினால் ஒன்றும் வராது. ‘இன்ன கட்டடத்துக்கான ஒப்பந்தத் தொகை, இதுவரை செலுத்திய தொகை, கால நீடிப்பு வழங்கிய பேரவைத் தீர்மானத்தின் திகதியும் பிரதியும்’ என்று எழுதுங்கள். இரகசியமாக வைக்க வேண்டிய பரீட்சைத் தகவல்களைத் தரமாட்டார்கள், அதைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பத்தைக் கந்தோரில் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் திரும்பாதீர்கள்.