சொம்பைப் பார்த்த பையன்

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் தருமபுரி போயிருந்தோம். மாலைவரை நேரம் இருந்ததால் மகனோடு அங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஏழாவது படிக்கிறான். வரிசையாக நடுகற்கள், சண்டையில் செத்த வீரர்களுக்கு நட்ட கற்கள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். அவன் மட்டும் ஒரு கல்லில் வீரனின் காலருகே இருந்த சொம்பைக் காட்டி “அது எதுக்குப்பா?” என்றான். “தெரியலடா, வா” என்று இழுத்து வந்தேன். இந்தச் சின்ன ஊர் அருங்காட்சியகங்கள் தேவைதானா? எல்லாவற்றையும் சென்னையில் வைத்தாலோ, படமெடுத்து இணையத்தில் போட்டாலோ போதாதா?

க.

அன்புள்ள க.,

இணையத்தில் போடட்டும், நல்லதுதான். சென்னையில் வைத்தால் அங்கேயும் பத்து நிமிடம்தான் நிற்பீர்கள். அதை விடுங்கள்.

எனக்குக் கோபம் அந்தச் சொம்பு விஷயத்தில்தான். பையன் சரியாகப் பார்த்திருக்கிறான். செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்கள் பலவற்றில் வில்லும் வாளும் ஏந்திய ஆளின் காலருகே ஒரு கெண்டி, அதாவது மூக்கு வைத்த சொம்பு, பக்கத்தில் ஒரு சிமிழ் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஔவை நினைவுதான். அதியமான் செத்த பிறகு அவன் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை வார்க்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா வாங்கிக்கொள்வான் என்று அவள் அழுகிறாள். அதியமானின் தகடூர்தான் நீங்கள் கல்யாணம் சாப்பிட்ட தருமபுரி. கல்லில் இருப்பது அந்தக் கலம்தான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் பையனிடம் சொல்ல இவ்வளவு இருந்தது. நீங்கள் “வா” என்றீர்கள்.

சரி, திட்டியது போதும். எங்கள் ஊரில் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் ஒரு கல் உண்டு. எங்களுக்கு அது வேடியப்பன் சாமி. எண்ணெயும் மஞ்சளும் ஏறி ஏறிக் கல்லா மரமா என்று தெரியாத கறுப்பு. 1970-களின் தொடக்கத்தில் தொல்லியல் துறையினர் செங்கம் வட்டாரத்தில் ஊர் ஊராக நடுகல் தேடினார்கள். எங்கள் ஊருக்கும் வந்தார்கள். தண்ணீர் வாளி பிடித்தது நான். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷால் படபடவென்று அடித்தார்கள். தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கியது. மேலே மையை ஒற்றியதும் கறுப்புக்கு நடுவில் எழுத்து மட்டும் வெள்ளையாக வந்தது. ஆயா ஓடிவந்தாள். “ஏன்டா, சாமியப் போட்டு இந்த அடி அடிக்கிறீங்க?” அவர்கள் பொறுமையாகப் படித்துக் காட்டினார்கள். மாட்டு மந்தையை மீட்கப்போய்ச் செத்த ஆள். பெயர் பாதி உடைந்திருந்தது, கடைசி ‘ன்’ மட்டும் மிச்சம். ஆயாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. “மிச்சப் பேரு எங்க?” என்று அவர்கள் ஜீப் ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதனால்தான் எனக்கு அருங்காட்சியக அட்டைகளோடு தீராத சண்டை. பெயர் வேண்டாம், ஓர் ஊரில் பார்த்தேன். அருமையான கல், எழுத்து ஒன்றுகூடச் சிதையவில்லை. கீழே அட்டை: “நடுகல். பல்லவர் காலம்.” அவ்வளவுதான். கல்வெட்டு என்ன சொல்கிறது? இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊர்த் தொறுவை மீட்டுப் பட்டான் இன்னான், அவன் கல். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் செத்தான். அந்த வாசகத்தில் அரசன் யார்? வெறும் தேதி! நாம் கடிதத்தின் மேலே தேதி போடுவதுபோல அவனைப் போட்டிருக்கிறார்கள். விஷயம் முழுக்க அந்த மாடு மீட்டவன். அட்டை எழுதியவர் தேதியை வைத்துக்கொண்டு ஆளைத் தூக்கிப் போட்டுவிட்டார். கல் எந்த ஊரில் நின்றது என்பதும் இல்லை. அரை வரி கூடுதலாக எழுத எவ்வளவு மை செலவாகும்?

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. வீரனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்தது என்று அதற்கும் தனியாக எழுதி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கொடுத்த மரியாதையை நாம் அட்டையில் மனிதனுக்குக் கொடுக்க மாட்டோமாம்.

கேள்விக்குப் பதில் சொல்லவில்லையோ? தேவைதான். அடுத்த முறை பையனோடு போகும்போது செல்பேசி டார்ச்சை நேராகப் பிடிக்காதீர்கள், எழுத்து தெரியாது. கல்லின் ஓரத்தில் வைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து, உடனே பிடிபடாது. உடம்பில் எத்தனை அம்பு தைத்திருக்கிறது என்று அவனை முதலில் எண்ணச் சொல்லுங்கள். அப்புறம், அந்தச் சொம்புக்கு நீங்கள் அவனிடம் ஒரு பதில் பாக்கி.